அணைத்த பிறகும் கத்திய கம்பியூட்டர்

கம்பியூட்டர் திருத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைமாருக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மெஷின் ஓடவில்லை" என்று வருகிற ஆளுக்குப் பயப்படாதீர்கள். ஓடாத மெஷினில் பழுது ஓரிடத்தில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். "மெஷின் நல்லாத்தான் ஓடுது, ஆனா ஒரு சத்தம் வருது" என்று வருகிறவரைக் கண்டால்தான் கதிரையை இழுத்துப்போட்டு ஆற அமர உட்கார வேண்டும். அன்றைய பொழுது அவ்வளவுதான்.

நான் கஹவத்தை பஸாரில் நெடுங்காலம் கடை வைத்திருந்தேன். கடைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், மேலே இருக்கிற தேயிலை, ரப்பர்த் தோட்டங்களின் ஒபிஸ்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிடும். எங்கள் பக்கத்தில் தச்சரும் பாஸ், மேசனும் பாஸ், கரண்ட் வேலை செய்கிறவரும் பாஸ். அந்தக் கணக்கில் நான் கம்பியூட்டர் பாஸ். இப்போது கடையைப் பூட்டிவிட்டேன். ஏன் பூட்டினேன் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கண் மங்கிப்போச்சு, கை நடுங்குது என்று ஆளுக்கொரு கதை சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணத்தை இன்று சொல்கிறேன்.

அதற்கு முன் சத்தங்களைப் பற்றிக் கொஞ்சம். சரஸ்வதி பூசை முடிந்த வாரம் எனக்கு எப்போதும் வேலை அதிகம். ஒரு முறை ஹார்ட்வெயார் கடை முதலாளி ஒருவர் தன் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். 'டிக், டிக்' என்று விடாமல் ஒரு சத்தம். அதற்கு முன் பார்த்த இளம் கம்பியூட்டர் வைத்தியர் ஒருவர் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லிப் புதியதற்கு விலையும் பேசிவிட்டார். திறந்து பார்த்தால் பூசைக்குப் போட்ட மாலையின் நூல் உள்ளே போய் ஃபேனில் சுற்றியிருந்தது. அதன் நுனியில் ஒரு காய்ந்த செவ்வந்திப் பூ. ஃபேன் சுற்றும்போதெல்லாம் அந்தப் பூ கேசிங்கில் தலையை முட்டிக்கொண்டிருந்தது. பூவை எடுத்து முதலாளி கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அந்த இளம் வைத்தியர் இப்போது உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

எனக்குத் தொழில் பழக்கியவர் இரத்தினபுரியில் ரேடியோ, டிவி பார்த்துக்கொண்டிருந்தவர். சத்தம் என்று யாராவது வந்தால் அவர் முதலில் செய்வது, சாமானின் சொந்தக்காரரை வெளியே அனுப்புவது. "டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தேடினால், நம் காது அவர்கள் சொன்ன இடத்தைத்தான் சுற்றும் என்பது அவர் கட்சி. நானும் அப்படியே பழகினேன். ஆட்களை வெளியே அனுப்பி, ஜன்னலைச் சாத்தி, மேலே ஓடுகிற மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி உட்கார்ந்தே என் வாழ்க்கையில் பாதி போயிற்று. "கடையிலயும் ஆளுகளோட பேச்சு இல்ல, வீட்டுலயும் பேச்சு இல்ல, ஒங்களுக்கு மெஷின்தான் பொண்டாட்டி" என்று என் மனைவி திட்டுவாள். அவள் இறந்த பிறகு திட்டுவதற்கும் ஆள் இல்லை. மகன் வத்தளையில் வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். மற்ற நாட்களில் கடை மூடிய பின் நான் யாரிடமும் வாய் திறந்த ஞாபகம் இல்லை. தனிமை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், சோற்றைத் தின்று முடித்த பிறகு கோப்பையைக் கழுவும் சத்தம் வீடு முழுக்கக் கேட்பதுதான் என்பேன்.

அப்படி இருந்த காலத்தில்தான் மேலே ஒரு தோட்டத்து ஒபிஸிலிருந்து, மேனேஜர் தொரைக்கு அடுத்தபடியான பெரிய கிளாக்கர் போன் எடுத்தார். பழைய வாடிக்கை. கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை.

"பாஸ், நம்ம ஒபிஸ் மெஷின ஒருக்கா வந்து பாருங்க. சத்தம் வருதாம்."

"என்னா மாதிரி சத்தங்க ஐயா?"

"அதத்தான் எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கு ஒண்ணும் கேக்கல. தொரையும் வந்து பாத்தாரு, அவருக்கும் கேக்கல. நம்ம சுகந்திப் புள்ளைக்கு மட்டும் கேக்குதாம். அதுவும் எப்ப தெரியுமா? மெஷின ஆஃப் பண்ணி வச்சிருக்கப்பவும் கத்துதாம்."

ஆஃப் பண்ணின மெஷின் கத்துகிறது என்றதும் நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெரிய கிளாக்கர் என்னை வராந்தாவிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். சுகந்தி லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார். ஏ.எல். படித்து, கம்பியூட்டர் பழகி, தோட்டத்து ஒபிஸுக்குள் உத்தியோகமாக வந்த முதல் லயத்துப் பெண் அவள்தான். தொரையிடம் பேசி, "நான் பொறுப்பு" என்று சொல்லி அவளைச் சேர்த்ததே பெரிய கிளாக்கர். தொழிலாளர்களின் வேலை நாட்களைப் பதிகிற செக்ரோலை அவள் கம்பியூட்டரில் அடிப்பாள். சில மாதங்களாகத் தலைவலி என்கிறாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாள். டீ குடிக்க எழுந்து போகும்போதெல்லாம் அணைத்து வைத்த மெஷினின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போகிறாள். செக்ரோலில் பிழை விழுகிறது. வேலைக்கு வந்தவருக்கு வராத நாள் விழுந்து, ஆட்கள் ஒபிஸ் வாசலில் வந்து சண்டை பிடிக்கிறார்கள்.

"பிஸ்ஸுன்னு பேசிக்கிறாங்க பாஸ்," என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்குச் சிங்களச் சொல்தான் முதலில் வாயில் வரும். "லயத்துல பேய் புடிச்சிருக்குன்னு பூசாரியக் கூட்டியாந்து கயிறு கட்டினாங்க. கட்டியும் நிக்கல. இப்ப தொரை சொல்லிப்புட்டாரு. பாஸ் வந்து பாக்கட்டும், மெஷின்ல கொறை இருந்தா திருத்துவோம், இல்லேன்னா புள்ளய நிப்பாட்டிப்புட்டு வேற ஆளப் போடுவோம்னு. வேலை நின்னா அது நாளைக்கே கொழுந்து ஆளுகளோட பெரட்டு வரிசைல போய் நிக்கணும், மலைக்குத்தான் அனுப்புவாங்க. நீங்க சொல்றதுதான் முடிவு."

பாருங்கள், திருத்த வந்தவனைத் தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டார்கள்.

உள்ளே போனேன். மெஷினைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேசிங்கின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், பின்பக்க வயரில் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு எலுமிச்சம்பழம். பெண்ணுக்குக் கட்டினது போதாது என்று மெஷினுக்கும் கட்டியிருக்கிறார்கள். சுகந்தி ஓரமாக நின்றாள். ஒல்லியான பெண். கையில் கறுப்புக் கயிறு. என்னைப் பார்த்த பார்வையில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பது போல இருந்தது.

வழக்கம்போல எல்லாரையும் வெளியே அனுப்பினேன். ஜன்னலைச் சாத்தினேன். மெஷினைப் போட்டுக் கேட்டேன். ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது. ஹார்ட் டிஸ்க் நல்லபடி ஓடுகிறது. எதிலும் ஆட்டம் இல்லை, உரசல் இல்லை. பிறகு மெஷினை அணைத்துவிட்டு, பிளக் மட்டும் போட்டபடி, காதை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் கேட்டேன். ஓட்டில் மழை விழுவது கேட்டது. வராந்தாவில் பெரிய கிளாக்கர் செருமுவது கேட்டது. மெஷினிலிருந்து ஒன்றுமே இல்லை.

கதவைத் திறந்தேன். பெரிய கிளாக்கர் உடனே கேட்டார்.

"என்னா பாஸ், சத்தம் இல்லைதானே?"

தம்பி, தங்கைமாரே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். 'இல்லைங்க ஐயா' என்று சொல்லிவிட்டுப் பத்தரை பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. என் காதுக்குச் சத்தம் இல்லைதான். ஆனால் 'சத்தம் இல்லை' என்பதற்கும் 'எனக்குக் கேட்கவில்லை' என்பதற்கும் நடுவில் ஒரு பெண்ணின் பிழைப்பு நின்றுகொண்டிருந்தது.

"எனக்குக் கேக்கலைங்க ஐயா," என்றேன். "அந்தப் புள்ளகிட்ட கொஞ்சம் பேசணும்."

"பேசி என்னா பாஸ்? மெஷினு சும்மா இருக்குன்னு சொல்லிப்புட்டுப் போங்களேன். ஒங்களுக்கு ஏன் இந்தக் கரச்சல்?"

"பேசிட்டுச் சொல்றேன்."

அவர் முகம் சுருங்கியது. சொந்தக்காரரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பது என்று ஆயுள் முழுக்கப் பழகியவன், அன்று முதன்முறையாக ஒரு ஆளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"சத்தம் எப்படி இருக்கும்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை போலும். பேயா, கனவா, வேலை செய்யப் பிடிக்கலையா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"ரொம்ப மெல்லிசா இருக்குங்க அங்கிள். ஊசி மாதிரி. சின்ன விசில மூச்சு விடாம ஊதுற மாதிரி. மெஷின் ஓடுறப்ப ஃபேன் சத்தத்துல கொஞ்சம் அமுங்கும். ஆஃப் பண்ணினா ஜாஸ்தியா கேக்கும். பிளக்கப் புடுங்கினாத்தான் அடங்கும்."

"புடுங்கின ஒடனேயா?"

"இல்லீங்க. கொஞ்சம் பொறுத்து."

அந்தக் கடைசி வார்த்தையின் பெறுமதி அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆனால் 'ஆஃப் பண்ணினாலும் கேட்கும், பிளக்கைப் பிடுங்கினால் அடங்கும்' என்றபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரியும், பிளக் போட்டிருக்கும் வரை மெஷின் முழுதாகத் தூங்குவதில்லை. பவர் சப்ளையின் ஒரு மூலை விழித்துக்கொண்டே இருக்கும். அந்த மூலையில் ஒரு கெப்பாசிட்டர் உலர்ந்தால் மெல்லியதாகக் கூவும். மிகவும் உச்சத்தில் இருக்கிற சத்தம். வயது போன காதுகள் முதலில் இழப்பது அந்த உச்சத்தைத்தான். இதை எல்லாம் நான் படித்திருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் 'வயது போன காது' என்பதில் என் காதைச் சேர்த்து நான் நினைத்ததே இல்லை.

அந்த அறைக்குள் வந்துபோனவர்களை எண்ணிப் பார்த்தேன். பெரிய கிளாக்கர், தொரை, பூசாரி, சுகந்தியின் அம்மா. எல்லாருக்கும் தலை நரைத்தாயிற்று. இளசுகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஒபிஸுக்குள் நுழைய விடமாட்டார்கள். அந்தச் சின்ன அறையில் இளம் காது என்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

உங்களில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டுவது தெரிகிறது. ஆமாம், கேளாத சத்தத்தைக் கோடாகப் போட்டுக் காட்டுகிற ஆப் எல்லாம் இருக்கிறது. என் கையில் அன்று இருந்தது பட்டன் போன். ஆப் இருந்திருந்தாலும் பெரிய கிளாக்கர் கோட்டைப் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. அவருக்குக் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

ஸ்டோரில் கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டும் நீள வயர் கிடந்தது. அதைக் கொண்டுவந்து மெஷினின் பிளக்கை அதில் செருகி, மறுமுனையை எதிரே இருந்த ஸ்டோர் அறை வரை இழுத்துச் சுவரில் மாட்டினேன், சுவிட்ச் தட்டுவது அவளுக்குத் தெரியக் கூடாது என்று. மெஷின் அணைந்தே இருக்கட்டும் என்றேன். சுகந்தியை ஜன்னலைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன்.

"சத்தம் கேக்குற வரைக்கும் கையத் தூக்கியே வச்சிரு. நின்னா கீழ போடு. அவ்வளவுதான்."

"சரிங்க அங்கிள்."

பெரிய கிளாக்கர் வாசல்படியில் நின்றார். அங்கிருந்து அவருக்கு அவளும் தெரிவாள், ஸ்டோரில் நிற்கும் நானும் தெரிவேன். நான் சுவிட்சைப் போட்டேன். அவள் கை மேலே போனதாக அவர் தலையாட்டினார். எனக்கு மனதில் ஒரு தெம்பு வந்தது. சுவிட்சை அணைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தலையாட்டவில்லை. நேரம் போனது. பிறகுதான் தலையாட்டினார். அதுவும் ஒரு மாதிரியாக.

"பாத்தீங்களா பாஸ்," என்று என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க ஆஃப் பண்ணி எவ்வளவு நேரம் ஆச்சு, கை மேலேயே இருக்கு. குருட்டாம்போக்குல தூக்குது, குருட்டாம்போக்குல எறக்குது. வுடுங்க. புள்ளய இன்னும் கேவலப்படுத்த வேணாம்."

இன்னொரு முறை செய்தோம். அதே மாதிரிதான். போட்டதும் கை ஏறியது. அணைத்த பிறகு வெகு நேரம் கழித்தே இறங்கியது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் நானும் அவளை நம்பவில்லை. பாவம், தலையில் என்னவோ ஆகிவிட்டது, பேராதெனிய பக்கம் ஏதாவது நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தூக்கிய கை வலித்ததோ என்னவோ, மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேர்மையாகவா ஒருத்தி குருட்டாம்போக்கில் கையைத் தூக்குவாள் என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் சொன்ன 'கொஞ்சம் பொறுத்து' மண்டையில் தட்டியது.

ஓடிப்போய் கேசிங்கின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். எலுமிச்சம்பழம் தடுத்தது, ஒதுக்கிவிட்டேன். உள்ளே போர்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை லைட் எரியும். நீங்கள் தினமும் பார்க்கிற லைட்தான். சுவரில் கரண்டை நிறுத்தினாலும் பவர் சப்ளைக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது வடிந்து முடிகிற வரை அந்த லைட் எரியும். அதுவரை அந்தக் கெப்பாசிட்டரும் கத்திக்கொண்டுதான் இருக்கும்.

"ஐயா, என்னையப் பாக்காதீங்க. இந்தப் பச்ச லைட்டையும் புள்ள கையையும் மட்டும் பாருங்க."

போய் சுவிட்சைப் போட்டேன், கொஞ்சம் விட்டு அணைத்தேன். ஸ்டோரிலிருந்து எனக்குப் பெரிய கிளாக்கரின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அவர் லைட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகத்திலிருந்து அந்த அலட்சியம் கழன்று விழுந்தது. லைட் அவிந்த நொடியே கையும் விழுந்திருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த லைட் தெரிய வழியே இல்லை.

அவர் என்னை மெஷினருகே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஸ்டோருக்குப் போனார். கறாரான மனிதர் என்று சொன்னேனே. அங்கே போய் சுவிட்சைப் போட்டார், லைட் எரிந்தது, கை ஏறியது. பிறகு அதைப் படபடவென்று தட்டினார், வேண்டுமென்றே எங்களுக்குக் கேட்கும்படி. அணைத்துவிட்டோம் என்று நினைக்கட்டும் என்பதற்காக. ஆனால் கடைசியில் அதைப் போட்டபடியே விட்டுவிட்டார். பச்சை லைட் எரிந்துகொண்டே இருந்தது. சுகந்தியின் கையும் அசையாமல் மேலேயே இருந்தது. அவர் வாசலில் வந்து நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும் புள்ள," என்றார் கடைசியில். "கையக் கீழ போடு."

பவர் சப்ளையைக் கழற்றி அவர் மேசையிலேயே திறந்தேன். நான் நினைத்த மூலையில் நினைத்த கெப்பாசிட்டர், தலை உப்பி, அடியில் கபில நிறத்தில் கசிந்துபோய் இருந்தது. அதைக் கழற்றி, என் பையில் கிடந்த வேறொன்றை வைத்து ஈயம் போட்டு ஒட்டினேன். எல்லாவற்றையும் மூட்டி, பிளக்கைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். எனக்கோ சத்தம் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. என் வேலை சரியா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அவள் மெஷின் பக்கத்தில் குனிந்து கேட்டாள். காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"இல்லீங்க அங்கிள்," என்றாள். "ஒண்ணுமே இல்ல."

பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மாதக்கணக்கில் ஒருவரும் நம்பாமல் இருந்தது அவ்வளவும் அந்த அழுகையில் இருந்தது. எனக்கும் கண் கலங்கியது.

பெரிய கிளாக்கர் அவளைப் பார்க்காமல் தொரைக்குப் போன் எடுத்தார். "சேர், மெஷின் எகே தமய் லெடே," என்றார் சிங்களத்தில், நோய் மெஷினுக்குத்தான் என்று. ஒரு முறை சொன்னது போதாது என்று இன்னொரு முறையும் அதையே அழுத்திச் சொன்னார். போனை வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே வீசினார்.

"நாளைக்கு நேரத்தோட வா," என்றார் அவளிடம். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒபிஸில் தன் டீயை ஊற்றி முதல் கோப்பையை அவள் மேசையில் வைத்தார். நான் பையைக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏன் பாஸ் எனக்குக் கேக்கல?"

"வயசு போச்சுங்க ஐயா."

"ஒங்களுக்கு?"

"எனக்குந்தான்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் சுகந்தி என்னோடு சந்தி வரை நடந்து வந்தாள். அவள் லயம் அந்தப் பக்கம்தான். மழை விட்டிருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். நான் அந்த மெஷினை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், கரண்ட் குறையும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு மூன்று முறை "என்னாங்க?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அங்கிள். இந்த வண்டுக கத்துற கத்துல ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

"என்னா வண்டு?"

நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"சில்வண்டுங்க அங்கிள்," என்றாள் மெதுவாக. "இந்தா, இந்த ரப்பர் பூராவும் கத்துதே. காது கிழியுது. ஒங்களுக்கு..."

நின்று கேட்டேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. தூரத்தில் ஒரு லொறி ஏறுவது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. எங்கும் அப்படி ஒரு அமைதி.

என் வீட்டுக்குப் பின்னாலும் ரப்பர்த் தோட்டம்தான். மனைவி இருந்த காலத்தில் பொழுது சாய்ந்தால் அந்த வண்டுகளின் இரைச்சல் தாங்காமல் அவள் ஜன்னலைச் சாத்துவாள். அவள் போன பிறகு ஒரு நாள் கவனித்தேன், அந்தச் சத்தமும் இல்லை. மருந்து அடித்து அடித்து வண்டெல்லாம் செத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் மட்டும் வேறு ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோடு சேர்ந்து எல்லாம் அடங்கிவிட்டது, இனி இந்த வீட்டுக்கு இவ்வளவுதான் என்று. இத்தனை வருஷம் அந்த நினைப்போடுதான் தனியாகச் சாப்பிட்டேன், தனியாகப் படுத்தேன்.

"எப்ப இருந்தும்மா இப்பிடிக் கத்துது?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"எப்பவுந்தாங்க அங்கிள்," என்றாள் அவள். "ஒரு நாளும் நிப்பாட்டினதில்ல."

பஸ் வந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஏறி ஓரமாக உட்கார்ந்தேன். சத்தம் தேடுகிற வேலை இனி எனக்கு இல்லை என்று அந்த இருக்கையில்தான் முடிவு செய்தேன். மறுபடி தூறத் தொடங்கியது, மற்றவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். வழி நெடுக ரப்பர் மரங்கள் இருந்தன, வண்டுகளும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். சட்டை நனைந்தும் கஹவத்தை வரும்வரை நான் என் ஜன்னலைச் சாத்தவில்லை.